யாயாவின் கல்லாப்பெட்டி

கிராசியா, ஏப்ரல் 22

பூக்கட்டத் தெரியும் என்று நான் தலையாட்டியிருக்கவே கூடாது. மதுரைக்காரிக்கு அந்த ஒரு வாய்க்கொழுப்பு எப்போதும் உண்டு. பார்சிலோனாவில் கிராசியா என்ற பேட்டையில், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மறுநாள் விற்பனைக்கு ரோஜா தயார்செய்துகொண்டிருந்தார்கள். என்னை அறிமுகப்படுத்தும்போதே தங்கை மகன், "எங்க பெரியம்மா ஊர்ல எல்லாப் பொம்பளைகளும் பூக்கட்டுவாங்க" என்று அவர்கள் பாஷையில் அளந்துவிட்டான்.

ஒரு வாளி ரோஜாவை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முழங்கை நீளக் காம்பு. முள்ளை உருவ ஒரு இடுக்கி. பக்கத்தில் காய்ந்த கோதுமைக் கதிர் ஒரு கட்டு. அதற்குப் பக்கத்தில் மஞ்சளில் நான்கு சிவப்புக் கோடு போட்ட நாடா. அந்த மஞ்சளும் சிவப்பும்தான் கத்தலோனியாவின் கொடி. ஒரு ரோஜா, ஒரு கதிர், ஒரு நாடா சேர்த்துக் கட்ட வேண்டும். என் கை பழகியது வேறு. மல்லிகையைக் காம்போடு காம்பு வைத்து நாரை விரலில் சுற்றி இழுத்தால் முடிச்சு தானாக விழும். பூவுக்குக் கனமே கிடையாது. இந்த ரோஜாவோ கம்பு மாதிரி இருந்தது. முடிச்சுப் போட்டுத் தூக்கிப் பிடித்தேன், கதிர் நழுவித் தரையில் விழுந்தது. மூன்றாவது தடவையும் விழுந்தபோது எதிரே இருந்த பாட்டி எழுந்து வந்தார். என் கையிலிருந்ததை வாங்கி, மேல் இலை பிரிகிற கணுவில் கதிரைச் செருகி, அதற்குக் கீழே நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். கணு பிடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவரை எல்லோரும் 'யாயா' என்றுதான் கூப்பிட்டார்கள். கத்தலான் மொழியில் பாட்டியை அப்படித்தான் அழைப்பார்களாம். சங்கத் தமிழில் யாய் என்றால் தாய். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவளுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே பாதி உறவு வந்துவிட்டது. மீதிக்குத் தங்கை மகன் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

அந்தக் கட்டடத்தை 'அத்தனேவு' என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத் தொழிலாளிகளும் கைவினைக்காரர்களும் காசு போட்டு ஊருக்கு ஊர் நடத்திய சங்கங்கள். இரவுப் பள்ளி, பாட்டுக்குழு, நாடக மேடை, கட்டாயம் ஒரு நூலகம். கிராசியா அப்போது தனி ஊர். 1897-இல்தான் பார்சிலோனாவோடு சேர்த்தார்கள். இன்றும் இங்குள்ள கிழவர்கள் நகரின் நடுப்பகுதிக்குக் கிளம்பும்போது "பார்சிலோனா போறேன்" என்று சொல்வதுண்டு. மாநகராட்சி நூலகங்கள் தனியாக இருக்கின்றன, நன்றாகவே நடக்கின்றன. அத்தனேவு நூலகம் அந்தக் கணக்கில் வராது. உறுப்பினர் சந்தாவில் ஓடுவது.

இந்த வருஷம் பணம் எதற்கு என்று கேட்டேன். மேலே கையைக் காட்டினார்கள். கத்தலோனியாவில் மூன்று வருஷம் கடும் வறட்சி. 2024 பிப்ரவரியில் பார்சிலோனா பகுதிக்கு வறட்சி நெருக்கடியே அறிவித்தார்கள். மழையே இல்லாத ஊரில் ஓடு உடைந்தது யாருக்குத் தெரியும்? 2025 மார்ச்சில் கொட்டித் தீர்த்தபோதுதான் கூரை ஒழுகுகிற விஷயம் வெளியே வந்திருக்கிறது. நனைந்தது குழந்தைகள் புத்தக அலமாரி.

மேசையில் ஈஸ்டர் திங்களுக்கு வாங்கிய 'மோனா' கேக்கின் மிச்சம் இருந்தது. இங்கே ஞானப்பெற்றோர் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பண்டம் அது. மேலே நின்ற சாக்லேட் பொம்மையின் தலையை யாரோ ஏற்கெனவே தின்றிருந்தார்கள். ரோஜா எந்தத் தோட்டத்துப் பூ என்று விசாரித்தேன். பெரும்பாலும் கொலம்பியா, ஈக்குவடார், ஹாலந்து என்றார்கள். ஓசூரிலும் ஏற்றுமதி ரோஜா இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். பூக்கட்டில் போன மானத்தில் கொஞ்சமாவது திரும்பட்டும் என்றுதான்.

பசேஜ் தெ கிராசியா, ஏப்ரல் 23

சான் ஜோர்தி நாளுக்கு விடுமுறை கிடையாது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. திருவிழா என்றால் நமக்குக் கடை அடைக்க வேண்டும், பள்ளிக்கூடம் மூட வேண்டும். இங்கே புதன்கிழமை வேலை நாள். ஆனால் அலுவலகம் போகிறவன் சைக்கிள் கூடையில் ரோஜா இருக்கிறது, பஸ் ஓட்டுநர் முன்கண்ணாடியில் ஒன்று செருகியிருக்கிறார், வங்கிப் பெண் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் புத்தகக் கடை வரிசையில் நிற்கிறாள். நகரின் பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் மேசை போட்டிருந்தார்கள். நம் தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவைப் பிரித்துத் தெற்குமாசி வீதியில் நீட்டிப்போட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஒரே குறை, சோளப்பொரியும் மிளகாய் பஜ்ஜியும் இல்லை.

ஜோர்தி என்பவர் புனித ஜார்ஜ், கத்தலோனியாவின் காவல் புனிதர். 1456-இல் கத்தலோனியப் பேரவை இந்த நாளைத் திருநாளாக அறிவித்தது. அந்த நூற்றாண்டிலேயே பார்சிலோனா அரண்மனையில் இந்த நாளில் ரோஜாச் சந்தை கூடியிருக்கிறது. புத்தகம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. விசென்ட் கிளாவெல் என்ற வலென்சியாக்காரர், பார்சிலோனாவில் பதிப்பகம் நடத்தியவர், புத்தகத்துக்கென்று ஒரு நாள் வேண்டும் என்று பதிப்பாளர் சங்கத்தைப் பிடித்து உலுக்கினார். 1926-இல் அரசாணை வந்தது. முதலில் வைத்த நாள் அக்டோபர் 7, செர்வான்டெஸ் பிறந்த நாளாகக் கருதப்பட்டது. அக்டோபர் தோதுப்படவில்லை, 1930-இல் ஏப்ரல் 23-க்கு மாற்றிவிட்டார்கள். ரோஜாவும் புத்தகமும் அப்படித்தான் ஒரே நாளில் மாட்டிக்கொண்டன. செர்வான்டெஸும் ஷேக்ஸ்பியரும் இதே ஏப்ரல் 23-இல், ஒரே நாளில் இறந்தார்கள் என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இங்கிலாந்து அப்போது பழைய நாள்காட்டியில் இருந்தது. இரண்டு சாவுக்கும் நடுவே பத்து நாளுக்கு மேல் இடைவெளி. இனி யாரைக் கூப்பிட்டுத் திருத்துவது? 1995-இல் யுனெஸ்கோ ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக்கியது. சென்னைக் கோட்டைக்கு ஜார்ஜ் பெயர் வந்ததும் இந்த ஏப்ரல் 23-ஆல்தான் என்பார்கள்.

ஆண் பெண்ணுக்கு ரோஜா, பெண் ஆணுக்குப் புத்தகம் என்பது பழைய முறை. இப்போது யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. ஐந்தடிக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வாளியோடு நிற்கிறது; வருஷக் கடைசிச் சுற்றுலாவுக்கு ரோஜா விற்றுப் பணம் சேர்க்கிறார்கள். கட்சிக்காரர்கள், நோயாளிகள் சங்கம், தெருநாய்க் காப்பகம் என்று எல்லோருக்கும் இன்று ஒரு மேசை. கை நீட்டிக் காசு கேட்பதில் கூச்சமே இல்லாத நாள். கேட்கிறவன் கையில் ஒரு பூ இருப்பதால் இருக்கலாம்.

கட்டடக் கலைஞர் கௌதி மாற்றிக் கட்டிய காசா பாத்யோ வீட்டின் பால்கனிகளில் சிவப்பு ரோஜாவாக அடுக்கியிருந்தார்கள். அந்த வீட்டின் கூரை டிராகன் முதுகு மாதிரி செதில் செதிலாக வளையும். அதன் நிழலில் நின்றபடி தங்கை மகன் கதை சொன்னான். மொன்பிளாங் என்ற ஊருக்கு வெளியே ஒரு டிராகன். அதன் பசிக்கு ஊரார் முதலில் ஆடுமாடு அனுப்பினார்கள். அது தீர்ந்ததும் சீட்டுப் போட்டு ஆளை அனுப்பினார்கள். ஒரு நாள் ராஜா மகள் பெயருக்குச் சீட்டு விழுந்தது. அவள் போய் நிற்கும்போது ஜோர்தி குதிரையில் வந்து டிராகனைக் குத்தினான். ரத்தம் விழுந்த மண்ணில் ரோஜாச் செடி முளைத்தது.

"இது பகாசுரன் கதைடா" என்றேன். "வண்டிச் சோறும் வீமனும் இல்லை, அவ்வளவுதான்."

"பெரியம்மா, எல்லாமே நம்ம கதைன்னு ஆரம்பிச்சுராதீங்க."

கிராசியா சதுக்கம், அன்று மாலை

அத்தனேவு மேசை ஒரு சின்னச் சதுக்கத்தின் ஓரத்தில் இருந்தது. ஒரு பக்கம் நாங்கள் கட்டிய ரோஜா, ஒன்று 5 யூரோ. மறுபக்கம் பேட்டைக்காரர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய புத்தகங்கள், ஒன்று, இரண்டு, மூன்று யூரோ. நடுவில் யாயா. அவர் மடியில் பிஸ்கட் தகர டப்பா, அதுதான் கல்லாப்பெட்டி. பக்கத்தில் ஒரு கோடுபோட்ட நோட்டு. என்ன விற்றாலும் யாயா அதில் எழுதுகிறார். அவருக்குப் பின்னால் ஒன்பது பத்து வயதுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டு, அவர் எழுதியதில் தப்பைப் பென்சிலால் திருத்துகிறாள். யாயாவுக்கு அதில் வருத்தம் இல்லை. வரி முடிந்ததும் நோட்டை அவரே பின்பக்கம் சாய்த்துக் காட்டுகிறார்.

கூட்டம் குறைந்த நேரத்தில் அதைப் பற்றிக் கேட்டேன். யாயாவுக்கு எண்பத்து நான்கு வயது. பள்ளிக்கூடம் போனது சர்வாதிகாரி பிராங்கோவின் காலத்தில். வீட்டில் பேசிய மொழியை வகுப்பில் பேசினால் கையில் பிரம்பு; பாடம் முழுக்க ஸ்பானிஷ். 1939-இல் உள்நாட்டுப் போர் முடிந்ததும் கத்தலான் மொழி பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டது. அந்த மொழியில் புத்தகம் போடுவதற்குப் பல வருஷம் வழியில்லை. யாயா கத்தலான் எழுதப் படித்தது நாற்பது வயதில், பிராங்கோ செத்த பிறகு, மகள் படித்த பள்ளியில் நடந்த மாலை வகுப்பில். "பேசுவதற்கு என் அம்மா கற்றுக்கொடுத்தாள், எழுதுவதற்கு என் மகள்" என்றார். இந்த மேசைக்கு வருஷா வருஷம் கணக்கு எழுதுவேன் என்று அவர் அடம்பிடிப்பது ஏன் என்று அப்போது புரிந்தது.

தங்கை மகன் எனக்கு ஒரு ரோஜா வாங்கிக் கொடுத்தான். காசு டப்பாவில் விழுந்த பிறகுதான் கையில் தந்தான். நான் தயாராக வந்திருந்தேன். மதுரையிலிருந்து பெட்டிக்குள் துணி நடுவே வைத்துக் கொண்டுவந்த கரிசல்காட்டுக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினேன். அவன் புரட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இதைப் படிச்சு முடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆகும் பெரியம்மா."

யாயா என்ன சிரிப்பு என்று கேட்டார். அவன் சொன்னான்: என் தாய்மொழி, பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். யாயாவின் முகம் மாறியது. என் புறங்கையில் கையை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். அவன் உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்னடா கேக்குறாங்க?"

"உங்க ஊர்ல யார் தடை போட்டாங்கன்னு கேக்குறாங்க."

அவனை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்த அன்று விண்ணப்பப் படிவம் வாங்க விடிகாலை நாலு மணிக்கு வரிசையில் நின்றது நான். தங்கைக்கு அன்று காய்ச்சல். இரண்டாம் மொழிக்குத் தமிழ் வேண்டாம், வேறு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று அந்தப் பள்ளியில் சொன்னபோதும் சரி என்று தலையாட்டிவிட்டு, ஒன்பதரை மணிக்கு என் பள்ளிக்குப் போய்ப் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தினேன். யாயாவுக்கு இதை எப்படிச் சொல்வது? "யாரும் போடலை" என்று மட்டும் சொல்லச் சொன்னேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை.

இருட்டுகிற நேரத்துக்கு ரொட்டி வந்தது. சான் ஜோர்தி ரொட்டி என்று இந்த நாளுக்கென்றே சுடுகிறார்கள். சீஸும் மிளகாய்ச் சிவப்பான பன்றிக்கறித் தொத்திறைச்சியும் மாவுக்குள் வைத்துச் சுடுவதால் வெட்டினால் கொடியின் கோடுகள் தெரியும். நான் பன்றிக்கறி தொடுவதில்லை. எனக்கென்று ஒரு துண்டு ரொட்டியைச் சுட்டு, அதில் பூண்டைத் தேய்த்து, பழுத்த தக்காளியை இரண்டாக வெட்டித் தோல் மட்டும் கையில் மிஞ்சுமளவுக்கு அழுத்தித் தேய்த்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் போட்டுக் கொடுத்தார்கள். இதற்கு மேல் அதில் சமையல் இல்லை. மூன்று துண்டு சாப்பிட்டேன்.

டப்பாவைக் கவிழ்த்துச் சில்லறையை முட்டை அட்டைக் குழிகளில் பிரித்து எண்ணினார்கள். 1,940 யூரோ. கூரைக்கு ஆகும் என்று சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்கு. "ஓட்டுக்கு வந்துவிட்டது. உத்தரத்துக்கு அடுத்த வருஷம்" என்றார் யாயா. 2022-இல் இதே நாளில் ஆலங்கட்டி மழை அடித்துப் பந்தலோடு புத்தகமும் போயிற்றாம். அதைப் பார்க்க இது எவ்வளவோ பரவாயில்லை என்றார்கள். எங்கள் கிளை நூலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலர். பலகையில் பெயர் எழுதுவார்கள். என் பெயரும் சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிய சுவரில் இருக்கிறது. கட்டியதோடு சரி, ஒரு நாளாவது அதற்காக மேசை போட்டு உட்கார்ந்தேனா என்றால் இல்லை.

கிளம்பும் முன் தங்கை மகன், காலையில் நான் சொன்னதை யாயாவிடம் போட்டுக்கொடுத்தான். பகாசுரனோடு சேர்த்துச் சூரசம்ஹாரத்தையும் நானே சொன்னேன்: எங்கள் ஊரில் அசுரனைக் கொன்று தூர எறியவில்லை, பிளந்ததில் ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல், ஒன்று சாமிக்கு வாகனம், மற்றது கொடி. யாயாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "டிராகனுக்குக் கூட வேலை போட்டுக் கொடுக்கிற ஊரா!" என்று பக்கத்திலிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்.

மொன்பிளாங், ஏப்ரல் 24

கதை நடந்த ஊரைப் பார்க்காமல் போகக் கூடாது என்று மறுநாள் கிளம்பினோம். கடலோரம் விட்டு உள்ளே திரும்பியதும் நிலம் வறண்டு, மேடும் பள்ளமுமாகத் திராட்சைக் கொடிகள். ஏப்ரலில் கொடி முழங்கால் உயரக் கட்டைதான், நுனியில் பச்சை விட்டிருந்தது. நடுநடுவே பாதாம், ஆலிவ். திண்டுக்கல் தாண்டி நிலக்கோட்டைப் பக்கம் போகிற மாதிரி ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த திருப்பத்தில் தேவாலயக் கோபுரம் வந்து கலைத்துவிடும்.

மொன்பிளாங்கைச் சுற்றி 14-ஆம் நூற்றாண்டு மதில் இன்னும் நிற்கிறது. அதில் ஒரு வாசலுக்கு ஜோர்தியின் பெயர். டிராகன் விழுந்த இடம் அதுதான் என்கிறார்கள். ஜோவான் அமாதேஸ் என்ற நாட்டார் வழக்காற்று அறிஞர் இந்தக் கதையை மொன்பிளாங்கில் வைத்து எழுதிவைக்க, ஊர் அதை விடாமல் பிடித்துக்கொண்டது. வருஷந்தோறும் இந்த நாட்களை ஒட்டி ஊரே பழங்கால வேஷம் கட்டித் திருவிழா நடத்துகிறது. நாங்கள் போனபோது சந்துகளில் துணிக்கொடிகள் தொங்கின. வாசலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். டிராகன் ரத்தம் சிந்திய மண் மேல் தார் போட்டிருக்கிறது. ஒரு செடியாவது வைத்திருக்கலாம்.

மதியம் 'கோகா' சாப்பிட்டோம்: நீளவாக்கில் தட்டிச் சுட்ட மாவின் மேல், தணலில் கருக வாட்டித் தோலுரித்த கத்தரிக்காயும் சிவப்புக் குடைமிளகாயும். நம் சுட்ட கத்தரிக்காய்த் துவையலின் அதே புகை வாசனை. புளி இல்லை, பச்சைமிளகாய் இல்லை. இருந்தாலும் வாசனை என்னை ஏமாற்றிவிட்டது.

வால்ஸ்

மொன்பிளாங்கிலிருந்து கொஞ்ச தூரம்தான். வால்ஸ் என்றால் மனிதர் மேல் மனிதர் ஏறி நிற்கும் கோபுரத்துக்குப் பேர்போன ஊர். உச்சியில் ஏறிக் கையைத் தூக்குவது ஒரு சின்னப் பிள்ளை. அந்தக் கோபுரத்துக்கு அன்று நாள் இல்லை. தணலில் சுட்டுச் சட்னியில் தொட்டு அண்ணாந்து தின்னும் வெங்காயத்துக்கும் சீசன் முடிந்திருந்தது. ஆனால் நான் வந்தது இரண்டுக்கும் அல்ல.

1914-இல் கத்தலோனியாவின் நான்கு மாகாணங்களும் சேர்ந்து ஒரு கூட்டாட்சி அமைப்பை உண்டாக்கின. ஊருக்கு ஊர் மக்கள் நூலகம் என்று அது திட்டம் போட்டது. யூஜெனி தோர்ஸ் என்ற எழுத்தாளர் அதற்கு வரைவு தந்தார். நூலகம் வருவதற்கு முன்பே, 1915-இல், நூலகர் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். பெண்களுக்கு மட்டுமான பள்ளி. அங்கே படித்த பெண்கள்தான் சின்னச் சின்ன ஊர்களுக்குப் போய் நூலகத்தை நடத்தினார்கள். 1918-இல் முதலில் திறந்தது இந்த வால்ஸில். அதே ஆண்டில் ஒலோட், சாயென்ட், போர்ஜஸ் பிளாங்கஸ் என்று இன்னும் மூன்று.

உள்நாட்டுப் போர் வந்தபோது நூலகர்கள் புத்தகத்தை பஸ்ஸில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டுபோனார்கள். 1939 ஜனவரி கடைசியில் பார்சிலோனா விழும் தறுவாயில், அந்த நூலக பஸ்தான் எழுத்தாளர்களை ஏற்றிக்கொண்டு பிரான்ஸ் எல்லைக்குக் கிளம்பியது. மெர்சே ரொதொரேதா அதில் ஒருவர். மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் 1931-இல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பியதைத் தங்கை மகனிடம் சொன்னேன். "இதை நேத்து யாயாகிட்டச் சொல்லியிருக்கலாமே, பகாசுரனுக்குப் பதிலா" என்றான். வாஸ்தவம்தான்.

நாங்கள் போன நேரம் மதியம். நூலகக் கதவு சாத்தியிருந்தது. நாலு மணிக்குத் திறப்பார்கள் என்று காத்திருந்தோம். கல்பெஞ்சில் வெயில் இதமாக இருந்தது. அவன் பையிலிருந்து கரிசல் புத்தகத்தை எடுத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தமாக, எழுத்துக் கூட்டி, ஒரு வரிக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கிப் படிக்க ஆரம்பித்தான். 'ழ' வருகிற இடத்தில் மட்டும் நின்று என்னைப் பார்ப்பான். நான் தலையசைத்ததும் மேலே போவான்.

இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினான்.

"பெரியம்மா, கமலைன்னா யாரு? இவரு பொண்டாட்டியா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலடியில் கிடந்த குச்சியை எடுத்து மண்ணில் கிணறு போட்டேன், வாரிப்பள்ளம் போட்டேன், மாடு பின்னால் நடந்து வந்தால் சால் கீழே இறங்கும், முன்னால் நடந்தால் தண்ணீரோடு மேலே வரும் என்று காட்டினேன். மாடு திரும்பாமல் எப்படிப் பின்னால் நடக்கும் என்று கேட்டான். பழக்கினால் நடக்கும் என்றேன். இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொன்னான். போட்டேன்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நூலகர் அம்மாள் வெளியே எட்டிப் பார்த்து, உள்ளே வரலாம் என்று சைகை காட்டினார். அவன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு விரலை உயர்த்தி அவரை இருக்கச் சொல்லிவிட்டு, விட்ட வரியை முதலிலிருந்து படித்தான்.